ஐந்து சோடி முளை, ஒரு கைநாட்டு

கதாநாயகனுக்குப் பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. எனக்கு அங்கேயே கோபம் வந்துவிட்டது.

இரத்தினபுரியில் ஆசிரியராக இருக்கும் ஒரு தம்பி எழுதிய நாவல் அது. கணினியில் அச்சடித்து, பழுப்பு உறையில் போட்டு, தெரணியகலைக்கு பஸ் ஏறி வந்து என் கையில் கொடுத்தார். நான் முப்பத்தைந்து வருஷம் தேயிலைத் தோட்டத்து ஒபீசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். கதைப் புத்தகங்களை விடாமல் படிக்கிறவன் என்றும் ஊரில் பெயர் உண்டு.

"சேர், நீங்கதான் முன்னுரை எழுதித் தரணும். ஒங்க அனுபவத்தையும் சேத்து எழுதினீங்கன்னா இன்னும் நல்லா இருக்கும்" என்றார்.

படித்தேன். கதாநாயகன் பெயர் வெள்ளைச்சாமி, தோட்டத் தொழிலாளி. உருவம் பெரிது, புத்தி மட்டும் சின்னப்பிள்ளைப் புத்தி. தன் ரொட்டியை நாய்க்குப் போட்டுவிட்டுப் பட்டினி கிடப்பான். திட்டினாலும் சிரிப்பான், அடித்தாலும் சிரிப்பான். ஒரு நாள் அம்மன் கனவில் வந்து மலை சரியப்போகிறது என்கிறாள். காலையில் ஓடிப்போய் மணியை அடிக்கிறான். எல்லோரும் கூடி நின்று கேலி செய்கிறார்கள். பிறகு மலை சரிகிறது. பிள்ளைகளை ஒவ்வொன்றாக வெளியே தூக்கிவிட்டுக் கடைசியில் அவன் மண்ணுக்குள் போகிறான். படித்த மனிதர்கள் எல்லாம் சுற்றி நின்று அழுகிறார்கள். முற்றும்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி தொலைபேசியில் கேட்டார். "எப்படி சேர்? இது உண்மையில நடந்தது. எங்கம்மா சொன்ன கதை. ஒங்க தோட்டத்துலதானாம்."

எனக்குத் தெரியாதா? அந்த மனிதரின் பெயர் மாரிமுத்து. அவர் மண்ணுக்குள் போகவில்லை. கீழ்ப்பிரிவு லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், மகளோடு இன்றைக்கும் இருக்கிறார். பத்துக்கு மேல் எண்ணவும் அவருக்குத் தெரியும். அவரை மந்தபுத்திக்காரர் என்று முதன்முதலில் எழுதியது இந்தத் தம்பி இல்லை. நான்தான். அதனால் இந்த முன்னுரை முன்னுரையாக வரவில்லை. தம்பி வேண்டுமென்றால் போடட்டும், வேண்டாமென்றால் கிழித்துப் போடட்டும்.

முதலில் இந்த மாதிரிக் கதாநாயகர்களைப் பற்றி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். புத்தி இல்லை, ஆனால் தங்கமான மனசு. எத்தனை கதையில் பார்த்துவிட்டோம்! படத்தில் அவன், டெலி நாடகத்தில் அவன், பாடசாலைக் கலைவிழாவிலும் அவன். சிங்கள நாடகத்தில் வந்தால் அவன் தமிழ் பேசுவான். தமிழ்க் கதையில் வந்தால் தோட்டத்தில் இருப்பான். ஒரு வங்கி முகாமையாளர் புத்தி மந்தமாகவும் மனசு தங்கமாகவும் இருந்து ஊரைக் காப்பாற்றியதாக யாராவது எழுதியிருக்கிறார்களா? எழுத மாட்டார்கள். வங்கி முகாமையாளர் கோபித்துக்கொள்வார்.

ஏன் நமக்கு அவனைப் பிடிக்கிறது? யோசித்துத்தான் சொல்கிறேன். அவன் எதையும் கேட்க மாட்டான். பதவி உயர்வு கேட்க மாட்டான். நீ செய்தது பிழை என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டான். தனக்கு நடந்த அநியாயம் தனக்கே தெரியாத ஆள். ஆகவே அவனிடம் யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு எழுந்து போகலாம். உண்மையாகவே புத்தி மெதுவாக ஓடுகிற ஒருவர் எங்கள் தோட்டத்தில் இருந்தார். அவர் சில நாள் நல்லவர், சில நாள் காரணமில்லாமல் எரிந்து விழுவார், நம் எல்லோரையும் போல. அவரை யாரும் கதையில் போடவில்லை.

இவ்வளவு பேசுகிற எனக்கும் இளவயதில் இந்தக் கதைகள் என்றால் உயிர். வாசிகசாலைப் புத்தகத்தைப் பஸ் நிலையத்தில் நின்று படித்துவிட்டு, பஸ்ஸையும் விட்டுவிட்டு அழுதிருக்கிறேன். வினை அங்கேதான் தொடங்கியது.

என் அப்பா தெரணியகலைக் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். எனக்குக் கடை சரிப்படவில்லை. மூன்று மொழியும் தட்டச்சும் தெரியும் என்பதால் தோட்டத்து ஒபீசில் எடுத்துக்கொண்டார்கள். முதல் சில வருஷங்கள் பெயர்ப்பதிவு, லீவுத்துண்டு, ஆஸ்பத்திரித்துண்டு என்று போயின. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு விசாரணைகளில் மொழிபெயர்க்க என்னை உட்கார வைத்தார்கள். தொழில் என்று நான் படித்தது அங்கேதான்.

விசாரணை எப்படி நடக்கும் என்று இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு தொழிலாளி மேல் குற்றச்சாட்டு என்றால் முதலில் கடிதம் போகும். பதில் சொல்ல நாள் கொடுப்பார்கள். பிறகு ஒபீசின் பின்னறையில் கூப்பிடுவார்கள். பச்சைத் துணி விரித்த நீள மேசை. அதன் தலைப்பில் தொரை, அதாவது தோட்டத்தின் மேலதிகாரி. அவருக்கு இடப்பக்கம் தட்டச்சு இயந்திரத்தோடு பெரிய கிளாக்கர், வலப்பக்கம் நான். எதிரே தொழிலாளி நிற்பார். உட்காரச் சொல்கிற வழக்கம் இல்லை. அவருக்குப் பின்னால் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். தொரை ஆங்கிலத்தில் கேட்பதை நான் தமிழில் சொல்வேன். தொழிலாளி தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வேன். பெரிய கிளாக்கர் தட்டச்சில் அடிப்பார். எல்லாம் முடிந்ததும் அடித்ததை நான் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். 'வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது' என்பது கடைசி வரி. அதற்குக் கீழே தொழிலாளியின் கையெழுத்து, எழுதத் தெரியாதவர் என்றால் கைநாட்டு.

பெரிய கிளாக்கர் ராஜநாயகம் நல்ல மனிதர். இதையும் சொல்லத்தான் வேண்டும். வெள்ளை முழுக்கைச் சட்டை, வாயில் எப்போதும் ஒரு பெப்பர்மிண்ட். ஒரு வரி அடிப்பதற்கு முன் அதை மெல்ல வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார். தொரையின் முகத்தைப் பார்ப்பார். பிறகுதான் விரல் எழுத்தில் விழும். அவர் எனக்குச் சொன்னது இது:

"தம்பி, வெளங்கிக்கங்க. மூளையால செஞ்சவன வீட்டுக்கு அனுப்பிருவாங்க. மனசால செஞ்சவன மன்னிச்சு விட்டுருவாங்க. அதனால நம்ம ஆளுங்க எல்லாருமே மனசாலதான் செஞ்சாங்க. அப்படியே எழுதிப் பழகுங்க."

அப்படியே எழுதிப் பழகினேன். தொழிலாளர்களுக்கும் இந்த வழக்கம் தெரியும். வாசலில் நின்று சட்டம் பேசுகிற ஆள், பின்னறைக்குள் நுழைந்ததும் தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முதுகை வளைத்து, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க தொரை" என்பார். தொரையும் நம்புவார். நம்புவது அவருக்கும் வசதி. அந்தக் காலத்தில் இருந்த தொரை சிங்களவர், ஒரு நாளும் குரலை உயர்த்த மாட்டார். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பென்சிலை மேசையில் நேராக வைப்பார். மன்னிக்க நினைத்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அனே பவ்" என்பார். ஐயோ பாவம் என்று அர்த்தம். அந்த இரண்டு வார்த்தை விழுந்துவிட்டால் வேலை தப்பியது. நாங்கள் மூன்று பேரும் அந்தக் கண்ணாடி எப்போது கழறும் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்போம்.

மாரிமுத்து கான் வெட்டுகிறவர். மலைச்சரிவில் மழைத்தண்ணீர் ஓட வெட்டும் வாய்க்காலைத்தான் நாங்கள் கான் என்போம். மண்ணைப் பார்த்தே தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லிவிடுவார். அவர் பேசும் சிங்களம் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். பக்கத்துக் கிராமத்துக்காரர்களோடு பேசிப் பேசி வந்த சிங்களம். ஆட்களை வேலை வாங்குகிற அடுத்த கங்காணி அவர்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அந்த வருஷத்து மழையில் பிள்ளைக் காம்பராவுக்கு மேலே இருந்த சரிவில் வெடிப்பு ஒன்று விட்டது. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம்தான் பிள்ளைக் காம்பரா. மாரிமுத்து, மலை வேலைகளைப் பார்க்கிற வெளிக்கள உத்தியோகத்தரிடம் போய்ச் சொன்னார். "பாக்கிறேன்" என்றார் அவர். இரண்டாம் முறை சொன்னார். "பாக்கிறேன்னு சொன்னேன்ல" என்றார். மூன்றாம் முறை அந்த உத்தியோகத்தர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாரிமுத்து தானே மலைக்குப் போனார். வெடிப்புக்கு மேலே ஒரு முளை, கீழே ஒரு முளை என்று ஐந்து சோடி முளை அடித்தார். கித்துள் மரச் சிராயில் ஒரு கோல் செய்து, ஒவ்வொரு சோடிக்கும் நடுவே உள்ள தூரத்தை வெட்டுக்குறியாகப் போட்டு வைத்தார். மழை பெய்த ஒவ்வொரு நாளும் போய் அளந்தார்.

ஒரு காலை, பத்து மணியிருக்கும், அளந்தபோது வெடிப்பு ஒரே நாளில் இரண்டு விரல் விலகியிருந்தது. ஓடி வந்து பெரட்டு மணியை அடித்தார். பலாமரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டு அது. விடிகாலையில் வேலைக்கு ஆள் கூட்ட மட்டும், அதுவும் கங்காணி மட்டும் அடிக்க வேண்டியது. பெண்கள் பாதிக் கூடையோடு பதறி இறங்கி வந்தார்கள். "புள்ளைகளத் தூக்குங்க! காம்பராவ விட்டுத் தள்ளிப் போங்க!" என்று கத்தினார். எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அம்மன் கோயிலுக்குப் போய் நின்றார்கள். மூன்று மணி வரை நின்றார்கள். மலை சரியவில்லை. மழை விட்டு வெயிலும் அடித்துவிட்டது.

கெட்ட காலம், அன்றைக்கென்று கொழும்பிலிருந்து தோட்டத்தை நடத்துகிற கம்பனிக்காரர்கள் வந்திருந்தார்கள். ஒரு பிரிவே வேலையை விட்டுக் கோயிலடியில் சும்மா நிற்பதை அவர்கள் வாகனத்தில் இருந்தபடியே பார்த்துவிட்டுப் போனார்கள். மறுநாள் மாரிமுத்துவுக்குக் கடிதம் போனது. வேண்டுமென்றே வேலையைக் குழப்பினார் என்று குற்றச்சாட்டு. அது நிரூபணமானால் வேலை போகும். வேலை போனால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். மனைவி, பள்ளிக்கூடம் போகிற மகள், மூன்று பேரும் தெருவில்.

விசாரணைக்கு முன்பு அவர் என்னைத் தேடி வந்து மலைக்குக் கூட்டிப்போனார். அட்டை என்றால் அப்படி ஒரு அட்டை. சப்பாத்துக்குள் எல்லாம் புகுந்துவிட்டது. பார்த்தது போதும் என்று இறங்கிவிட்டேன். கீழே வந்து கோலைக் காட்டினார். எந்த நாள் எவ்வளவு விலகியது என்று ஒரு பிசகில்லாமல் சொன்னார். கோல் மேசைக்கு வந்தால் மூன்று முறை சொன்ன விஷயமும் வரும். வெளிக்கள உத்தியோகத்தர் இல்லவே இல்லை என்பார். அப்புறம் மாரிமுத்து சதிகாரர், அதோடு பொய்யர். ராஜநாயகத்திடம் கேட்டேன். பெப்பர்மிண்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிவிட்டு, "கோல் வேணாம் தம்பி" என்றார்.

மறுநாள் மாரிமுத்துவை ஒபீசுக்குப் பின்னால் கூப்பிட்டேன். எங்கள் பேச்சு ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது.

"கோல எடுத்துட்டு வராத" என்றேன்.

"அப்ப எப்படிங்க சொல்றது? அளந்ததாலதானே அடிச்சேன்."

"அளந்தேன்னு சொன்னா தெரிஞ்சே அடிச்சேன்னு ஆயிரும். பயந்துபோய் அடிச்சேன்னு சொல்லு. கனவு கண்டேன்னு சொல்லு. அம்மன் வந்து சொன்னிச்சுன்னு சொல்லு."

"நான் கனவு ஒண்ணும் காணலீங்களே, கிளாக்கரய்யா."

"காணாட்டிப் பரவாயில்ல. சிங்களமும் தெரியாத மாதிரி இரு. தொரை சிங்களத்துல ஏதாவது கேட்டா முழிச்சுக்கிட்டு நில்லு. கடைசியில கைநாட்டு வை."

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுங்க. அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிச்சிருக்கேன்."

"தெரியும்பா. தெரியாதுன்னு வச்சுக்க. ஒரு நாளைக்குத்தானே."

அந்தக் கனவு, அந்த அம்மன் எல்லாம் என் சரக்கு. அப்போது நான் படித்துக்கொண்டிருந்த வாசிகசாலைப் புத்தகத்தில் அதே மாதிரி ஒரு நல்ல முட்டாள் இருந்தான். அவனுக்கும் கனவில்தான் எல்லாம் தெரியும். அவனைப் பிடித்து வந்து மாரிமுத்துவின் சட்டைக்குள் திணித்தேன். இப்போது இரத்தினபுரித் தம்பி அதே கனவை எனக்கே திருப்பிக் கொண்டுவந்து காட்டுகிறார்!

விசாரணை அன்று மாரிமுத்து நேராகத்தான் நின்றார். துவாயைக் கக்கத்தில் வைக்க மறந்துவிட்டார். நான் கண்ணைக் காட்டினேன். எடுத்து வைத்துக்கொண்டார்.

ஏன் மணி அடித்தாய் என்று தொரை கேட்டார். நான் தமிழில் கேட்டேன். மாரிமுத்து என்னைப் பார்த்தார். பிறகு, "கனவுங்க" என்றார். மிச்சத்தை நான் ஆங்கிலத்தில் பூ வைத்துப் பொட்டு வைத்துச் சொன்னேன். தொரை பென்சிலை நேராக வைத்துவிட்டு ராஜநாயகத்திடம் மெதுவாகச் சிங்களத்தில், "மெயாட தேரெனவத?" என்று கேட்டார். இந்த ஆளுக்கு விளங்குகிறதா என்று. மாரிமுத்துவுக்கு அது விளங்கியது. எனக்கு விளங்குவதற்கு முன்பே விளங்கியது. தாடை இறுகியதை நான் பார்த்தேன். உடனே தலையைக் குனிந்து தரையைப் பார்த்தார்.

பின்னால் நின்ற தலைவர் முறைப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னார். "பாவங்க தொரை. கொஞ்சம் மந்தம். ஆனா மனசு தங்கம்."

தொரை கண்ணாடியைக் கழற்றினார். "அனே பவ்" என்றார்.

ராஜநாயகம் அடித்ததை வாசித்துக் காட்டினேன். 'புத்தி குறைந்தவர், நற்குணமுடையவர், கெட்ட நோக்கம் இல்லாதவர்.' வெடிப்பு என்ற சொல்லே அதில் எங்கும் இல்லை. மைப்பெட்டியை நகர்த்தினேன். மாரிமுத்து பெருவிரலை வைத்து அழுத்தினார். கை துடைக்கத் துணியைக் கொடுத்தேன். வாங்கவில்லை. விரலைத் தன் தலைமுடியில் துடைத்துக்கொண்டு போனார். நான் அன்றைக்கு ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமையில் வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன். இதை எழுதும்போது கூசுகிறது.

ஒரு நாளைக்குத்தான் என்று நினைத்தேன். மந்தமான ஆளிடம் மலை வேலையை எப்படிக் கொடுப்பது என்று கானிலிருந்து எடுத்து, கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தைக் கூட்டுகிற வேலையில் போட்டார்கள். கங்காணி வேலை வேறொருவருக்குப் போனது. மந்தமான ஆளின் கீழ் யார் வேலை செய்வார்கள்? எல்லோரும் அவரிடம் அன்பாக வேறு நடந்துகொண்டார்கள். அதுதான் எனக்கு இன்றும் தாங்கவில்லை. தொரை பங்களாவிலிருந்து கேக் வரும். உத்தியோகத்தர்கள் இருக்கிற ஸ்டாப் வீடுகளிலிருந்து பழைய சட்டை வரும். பிள்ளைகள் "மோடயா மாமா" என்று கூப்பிடும். சிங்களத்தில் முட்டாளுக்குச் சொல்கிற வார்த்தை. அம்மன் சொன்ன வெடிப்பை யார் போய்ப் பார்ப்பார்கள்? ஒருவரும் மலை ஏறவில்லை.

அவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறினார். பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொண்ட ராசம்மாவிடம் கோலைக் காட்டி விளக்கினார். இந்தக் கதையில் புத்தியோடு நடந்துகொண்ட இன்னொரு ஆள் அந்த ராசம்மாதான். அடுத்த வருஷம் வைகாசி மழையில் ஒரு காலை கோலின் கடைசிக் குறியையும் தாண்டி வெடிப்பு விலகியது. இனி மணியில் கை வைத்தால் வேலை இல்லை என்று விசாரணைக்குப் பிறகு கொடுத்த கடிதம் இருக்கிறது. மணி அடிக்கவில்லை. அவரும் ராசம்மாவும் கைக்கு இரண்டாகப் பிள்ளைகளைத் தூக்கிக் கோயிலில் கொண்டுபோய் விட்டார்கள். மத்தியானம் மலை வந்தது. பிள்ளைக் காம்பரா இருந்த இடத்தில் தகரம்கூட மிஞ்சவில்லை. ஒரு பிள்ளைக்கும் கீறல் இல்லை.

பாராட்டு விழா வைத்தார்கள். மாலை போட்டார்கள். தொரை பேசினார், நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தேன். புத்தியைக் குறைத்துக் கொடுத்த கடவுள் இந்த மனிதனுக்கு மனசைப் பெரிதாகக் கொடுத்தார், ஆபத்தை அந்த மனசு அறிந்தது என்றார். அதைத் தமிழில் கேட்டுச் சனம் அழுதது. நான் அவ்வளவு நன்றாக மொழிபெயர்த்தேன். மாரிமுத்து கோலைக் கொண்டு வந்திருந்தார். யாராவது கேட்பார்கள் என்று நினைத்திருப்பார். படம் எடுக்கும்போது, ஊன்றுகோல் என்று நினைத்து ஒருவர் அதை வாங்கி ஓரமாக வைத்தார்.

மனசு அறிந்ததாம்! மனசு எங்கே அறிந்தது? அளந்து பார்த்ததில் அறிந்தது. மூன்று முறை சொல்லியும் கேட்காத உத்தியோகத்தருக்கு அந்த மனசு வசதி. ஏறிப் பார்க்காத தொரைக்கு வசதி. 'வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது' என்று அலுமாரியில் தாள் வைத்திருந்த எனக்கும் ராஜநாயகத்துக்கும் மிக வசதி. அன்றைக்கு மேடையில் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லியிருந்தால் போதும். என் வேலை போய்விடும் என்று பயந்தேன். அதைப் பயம் என்றே சொல்கிறேன், வேறு நல்ல பெயர் வைக்க மாட்டேன்.

சில வருஷம் கழித்து அவருடைய மகளுக்கு நிவித்திகலப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தாய் விசாரித்துவிட்டு, "அப்பாவுக்குப் புத்தி சரியில்லையாமே, அது பரம்பரையா?" என்று கேட்டாராம். சம்பந்தம் நின்றுபோனது. அந்தப் பெண் நேரே ஒபீசுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை.

"எங்கப்பாவுக்கு எப்பங்க புத்தி கெட்டுச்சு? நீங்கதான் எழுதினீங்கன்னு சொன்னாங்க. அது எந்தத் தேதின்னு பாத்துச் சொல்லுங்கய்யா" என்றாள்.

தேதி என் முதுகுக்குப் பின்னால் அலுமாரியில் இருந்தது. எனக்கு வேலை இருக்கிறது, பிறகு வா என்று சொல்லி அனுப்பினேன். அவள் பிறகு வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நானே போனேன், நாவலையும், இதுவரை எழுதிய இந்தப் பக்கங்களையும் எடுத்துக்கொண்டு. மாரிமுத்து முற்றத்தில் கான் வழித்துக்கொண்டிருந்தார். நாவலைக் கண்ணாடி போட்டுப் படித்தார். நடுவில் எழுந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீண்டும் படித்தார். படித்து முடித்ததும் சொன்னார்:

"இந்த வெள்ளச்சாமி நல்ல ஆளுதான். ஆனா இவன் ஏங்க ஒரு தடவையாவது மலைக்கு ஏறிப் பாக்கல?"

முன்னுரையில் எழுத வேண்டிய விமர்சனம் அந்த ஒரு கேள்விதான். நான் இத்தனை பக்கம் எழுதியும் அது எனக்கு வரவில்லை.

பிறகு என் பக்கங்களைக் கொடுத்தேன். படிக்கப் படிக்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கைநாட்டு வருகிற இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். "என்னை மன்னிச்சுக்குங்க மாரிமுத்து" என்றேன். அவரை நான் நீங்கள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஒரு நாளைக்குன்னு சொன்னீங்க" என்றார். அவ்வளவுதான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தங்கமான மனசு என்று எழுதியிருப்பேன், நல்லவேளை.

கடைசிப் பக்கத்தையும் படித்துவிட்டுத் தாள்களைத் திருப்பி முன்னுக்கு வந்தார். "இது பிழைங்க. அஞ்சு சோடி இல்ல, ஏழு."

"நான் எண்ணினேனே?"

"நீங்க அஞ்சோட எறங்கிட்டீங்க. அட்டை கடிக்குதுன்னு. மத்த ரெண்டும் மேல, பாறைக்கு அந்தாண்ட இருந்திச்சு. அதுலதான் கூட விலகிச்சு."

வாசலில் நின்ற மகள் உள்ளே போய்ப் பேனா கொண்டு வந்தார். என்னைப் பார்க்காமல் அப்பாவிடம் கொடுத்தார். கடைசித் தாளின் அடியில் அவருக்குக் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருந்தேன் (இந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையை அதற்கு மேலே பிறகுதான் செருகினேன்). 'வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது' என்ற வரியை இந்த முறை நான் போடவில்லை. அவரேதான் வாசித்தார். விளங்காமல் இருந்தது எனக்குத்தான்.

தம்பிக்கு ஒன்று. மேலே ஐந்து சோடி என்று எழுதியதை நான் திருத்தவில்லை. தலைப்பிலும் அப்படியே கிடக்கட்டும். நீங்களும் திருத்த வேண்டாம். எண்ணத் தெரியாதவன் எவன் என்று படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். கீழே இருக்கிற கையெழுத்து என்னுடையது இல்லை.

ஏழு சோடி.
சி. மாரிமுத்து